நெருக்கத்தில் லாபமில்லை: சர் ரேமண்ட் அன்வினின் வாழ்க்கையும் தொண்டும்

நிலம் விலையுயர்ந்த பொருள். ஆகையால் ஓர் ஏக்கரில் எத்தனை வீடுகளை நெருக்கிக் கட்டமுடியுமோ அத்தனையையும் கட்டினால்தான் ஏழைக் குடித்தனக்காரருக்கு வாடகை குறையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் வீடு கட்டியோர் பெரும்பாலாரும் இவ்விதமே நம்பி வந்தனர். அந்நம்பிக்கையின் பயனாக, முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. முன்புறம் ஒன்றிலன்றி வேறெப்புறத்திலும் அவற்றிற்கு ஜன்னலில்லை. காற்று ஊடுருவிச் செல்ல வழியுமில்லை. பல வீட்டார்க்கு ஒரே முற்றமும் ஒரே கக்கூஸும் பொதுவாயிருந்தன. க்ஷயம் முதலிய வியாதிகள் அவ்விடங்களில் குடிகொண்டன. மேற்கூறிய நம்பிக்கை கணக்களவிலேயே பிழையானது என்பதைப் பென்ஸும் ஷில்லிங்கும் எண்ணிக் காட்டியவர் ரேமண்ட் அன்வின் என்னும் நகர நிர்மாண நிபுணர்.

இளமையும் பயிற்சியும்

அன்வின் 1863-ம் வருஷத்தில் யார்க்ஷயர் ஜில்லாவில் ராதர்ஹாம் நகரத்தை அடுத்த ஒரு கிராமத்திற் பிறந்து, ஆக்ஸ்போர்டில் வளர்ந்தார். ஜான் ரஸ்கின், வில்லியம் மாரிஸ், எட்வர்ட் கார்ப்பெண்டர் ஆகியோரின் கருத்துக்கள் அவர் மனத்திற் பதிந்தன. மத குருவாகலாமா என்று ஆலோசித்திருந்த காலத்தில், சாமுவேல் பார்னெட் என்னும் பாதிரியார், மனிதரின் பாபம் அவரை அதிகம் வருத்துகின்றதா, துன்பம் அதிகம் வருத்துகின்றதா என்று வினவினாராம். துன்பமே என்று அன்வின் விடையிறுத்தார். குருத்துவத்தை நாடாது எஞ்சினீயர் தொழிலிற் புகுந்தார்.

1887-ம் வருஷத்தில் செஸ்டர்பீல்டு நகரத்திற்கு அருகிலுள்ள ஸ்டேவ்லி நிலக்கரி இரும்புக் கம்பெனியில் அவர் அமர்ந்தார். சுரங்கத் தொழிலாளருக்கு வீடுகள் அமைக்கும் வேலையும் அங்கே அவருக்கு நேர்ந்தது. குறைந்த பணத்தில் வீடு கட்டுதலின் கஷ்டங்களை அவர் நேரில் அறிந்துகொண்டது அவ்விடத்திலேதான். 1893-ல் எதெல் பார்க்கர் என்பாரை மணந்தார். அவ்வம்மையாரின் சகோதரரும் சிற்பியுமான பாரி பார்க்கருடன் 1896-ல் கூட்டுச் சேர்ந்து, பக்ஸ்டன் நகரத்தில் தொழில் தொடங்கினார்.

கிராமமும் தோட்ட நகரமும்

1902-ல், யார்க் நகரத்திற்கு அருகே நியூ இயர்ஸ்விக் என்னும் கிராமத்தை ஜோசப் ரவுண்ட்ரீ என்ற தொழிலதிபருக்காக அன்வினும் பார்க்கரும் அமைக்கத் தொடங்கினர். அங்கே வீடுதோறும் தோட்டம் விடப்பட்டது. தோட்டந்தோறும் பழ மரங்கள் நடப்பட்டன. வீட்டின் பிரதான அறை தெருவைப் பார்த்தேயிருக்கவேண்டுமென்ற வழக்கத்தை அன்வின் ஒப்பவில்லை. குளிர்தேசமாகிய இங்கிலாந்தில் வெயில் அரிதாகையால், குடும்பத்தார் பகலெல்லாம் புழங்கும் அறை சூரியனைப் பார்த்திருத்தலே முதற்கடமை என்றும், தெருவின் அழகு அதற்கு அடுத்ததே என்றும் அவர் கொண்டார்.

எபனிஸர் ஹோவர்ட் என்பார் 1898-ல் வெளியிட்ட நூலில், நகரத்தின் வசதிகளும் நாட்டுப்புறத்தின் நலங்களும் ஒருங்கே அமைந்த தோட்ட நகரம் என்னும் யோசனையை விளக்கியிருந்தார். அதனை நிறைவேற்ற 1903-ல் லெட்ச்வொர்த் என்னுமிடத்தில் நிலம் வாங்கப்பட்டது. நகரத்தின் படத்தை வகுக்கும் பொறுப்பு அன்வினுக்கும் பார்க்கருக்கும் கிடைத்தது. பின்னர், முன்கூறிய பாதிரியாரின் மனைவியார் ஹென்ரியட்டா பார்னெட் அம்மையார் லண்டனுக்கு வடக்கே ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகரை அமைக்க அன்வினை அழைத்தார். தெருக்கள் யாவும் ஒரே அகலமாயிருக்கவேண்டுமென்ற அக்காலத்து உபவிதிகள் அதற்குத் தடையாயிருந்தமையின், 1906-ல் தனிச் சட்டம் ஒன்று பெறப்பட்டது. அதன்படி ஏக்கருக்குச் சராசரி 8 வீடுகளுக்கு மேற்படலாகாது; தெருவின் இருபுறத்து வீடுகளுக்கும் இடையே 50 அடிக்குக் குறையலாகாது. ஊடே செல்லும் போக்குவரத்தில்லாத சிறு முட்டுச் சந்துகளுக்கோ 20 அடி அகலமே போதும் என்று அனுமதிக்கப்பட்டது. தான் கற்றவற்றையெல்லாம் தொகுத்து அன்வின் 1909-ல் வெளியிட்ட நகர நிர்மாண நூல் பல தேசத்தாராலும் கற்கப்பட்டது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளை இனிக் கட்டலாகாது என்று பார்லிமெண்டு சட்டம் செய்ததும் அவ்வருஷத்திலேதான்.

பத்து ஏக்கர்க் கணக்கு

1912-ல் அவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். நெருக்கிக் கட்டுவதால் யாதொரு லாபமுமில்லை என்பதே அதன் பெயரும் பொருளும். ஏக்கர் 500 பவுன் விலையுள்ள 10 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டு, அதனையே இரண்டு விதமாகப் பங்கிட்டு அவர் ஒப்பிட்டார். அக்காலத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்காகவும், 20 ஷில்லிங் ஒரு பவுனாகவும் இருந்தமையை நினைவிற்கொண்டு அக்கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

முதல் ஏற்பாட்டில், பழைய வழக்கப்படி 340 வீடுகள். நிலத்தின் விலை 5,000 பவுன். இத்தனை வீடுகளுக்கும் வழி விடவேண்டுமாகையால் தெருக்கள் பல; அவற்றின் செலவு 9,747 பவுன் 10 ஷில்லிங். இவ்விரண்டையும் வீடுகளுக்குப் பகிர்ந்தால், வீடு ஒன்றுக்கு 43 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ் ஆகும். ஒரு வீட்டிற்குக் கிடைக்கும் மனை சுமார் 83 சதுர கஜம்.

இரண்டாம் ஏற்பாட்டில் 152 வீடுகளே. தெருக்கள் குறைந்தமையின் அவற்றின் செலவு 4,480 பவுன் 10 ஷில்லிங்காக இறங்கிவிடுகின்றது. வீடு ஒன்றின் பங்கு 62 பவுன் 7 ஷில்லிங் 5 பென்ஸ். மனையோ 261 சதுர கஜத்திற்கு மேற்படுகின்றது.

அதாவது, வீட்டுக்கு ஏறக்குறைய 19 பவுன் அதிகம் கொடுத்தால் மும்மடங்குக்கு மேற்பட்ட மனை கிடைக்கின்றது. சதுர கஜம் ஒன்றின் அடக்க விலை முதல் ஏற்பாட்டில் சுமார் 10 ஷில்லிங் 5 பென்ஸ். இரண்டாவதில் 4 ஷில்லிங் 9 பென்ஸ் அளவே. வார வாடகையாகக் கணக்கிட்டால் வித்தியாசம் சுமார் 4 பென்ஸ்தான். அவ்வற்பத் தொகைக்குத் தொழிலாளி பெறுவது காய்கறி பயிரிடத் தோட்டம், குழந்தைகள் விளையாட இடம், வீட்டினுள் வெயில், காற்று ஆகியவை. நெருக்கத்தினால் மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதியைத் தெருக்களே விழுங்கிவிடுகின்றன என்பது இக்கணக்கின் சாரம்.

வீடுகள் விலகினால் நகரம் அளவின்றிப் பரந்துவிடாதோ என்ற ஆட்சேபத்திற்கும் அவர் க்ஷேத்திர கணிதத்தைக்கொண்டே விடை கூறினார். நடுவிலிருந்து ஒரு மைல் பரந்த வட்டமான நகரத்தின் விஸ்தீரணத்தை இரட்டித்தால், எல்லை இரண்டு மைலுக்குச் செல்வதில்லை. ஒன்றரை மைலுக்கும் உட்பட்டே நின்றுவிடும்.

சர்க்கார் சேவை

1914-ன் இறுதியில் அன்வின் சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தார். யுத்த காலத்தில் கிரெட்னா என்னுமிடத்தில் வெடிமருந்துத் தொழிலாளருக்கு ஊர் அமைக்கும் வேலையை நடத்தினார். சர் ஜான் டியூடர் வால்டர்ஸ் தலைமையில் வீடுகளைப்பற்றி விசாரித்த கமிட்டியில் அங்கத்தினராயிருந்தார். 1918-ல் வெளிவந்த அதன் அறிக்கையில் அவரது கை பெரிதும் காணப்படுகின்றது. நகரங்களில் ஏக்கருக்கு 12, நாட்டுப்புறத்தில் 8 வீடுகளுக்கு மேற்படலாகாதென்றும், குளிர்காலத்திலும் வெயில் புகும்படி எதிரெதிர் வீடுகளுக்கிடையே 70 அடி விடவேண்டுமென்றும் அது கூறியது.

இதில் கவனிக்கத்தக்க விஷயமொன்றுண்டு. சிறிய வீட்டில் விருந்தினருக்கென்று ஒரு தனி அறையைப் பூட்டிவைப்பது வீண் என்பது அன்வினின் பழைய கொள்கை. ஆனால் கமிட்டியின்முன் சாக்ஷி கூறியோரில் பெரும்பாலார், தொழிலாளர் அவ்வறையை விரும்புகின்றனர் என்றே கூறினர். அறிக்கை அவ்விருப்பத்தை மதித்து, கூடிய இடங்களில் அவ்வறையையும் சேர்க்கும்படி சிபார்சு செய்தது. வசிப்போரைக் கேளாமல் வீட்டை வகுத்தல் பூரணமாகாது என்பதற்கு இது தக்க சான்று.

1919-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஸ்தல ஸ்தாபனங்கள் கட்டத்தொடங்கிய வீடுகளுக்கு இவ்வறிக்கையே வழிகாட்டியாயிற்று. ஐந்து லக்ஷம் வீடுகள் என்று வாக்களிக்கப்பட்டது. எனினும் 1921-ல் செலவு மிகுந்ததென்று திட்டம் சுருக்கப்பட்டமையால், அச்சட்டத்தின்படி அந்த ஸ்தாபனங்கள் கட்டியவை சுமார் 1,70,000 வீடுகளே. அவற்றின் வாடகையும் பரம ஏழைகளுக்கு எட்டவில்லை. பிற்காலத்தில் லாபத்திற்காகக் கட்டியோர் 12 என்ற எண்ணை மாத்திரம் கைப்பற்றி, அதன் கருத்தை விட்டு, பெருஞ்சாலைகளின் ஓரமாக மைல்கணக்கில் ஒரே மாதிரி வீடுகளை நிறுத்தினர். லண்டன் பிரதேசத்தின் ஆலோசகராயிருந்த அன்வின் இதன் தீமையை உணர்ந்து, அந்நகரத்தைச் சுற்றிப் பசுமையான நில வளையம் ஒன்று விடப்படவேண்டுமென்று 1933-ல் எழுதினார். 1938-ல் அதற்குச் சட்டம் பிறந்தது.

1932-ல் அவருக்கு சர் பட்டம் அளிக்கப்பட்டது. 1936 முதல் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் போதித்து வந்தார். 1940-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்நாட்டிலேயே காலமானார்.

அறியவேண்டிய படிப்பினைகள்

1. மனையின் விலையை மட்டும் பார்க்கலாகாது. தெருச் செலவையும் சேர்த்து, கிடைக்கும் நிலத்தின் அளவால் வகுத்துப் பார்த்த பின்னரே எது மலிவு என்று தீர்மானித்தல் வேண்டும்.

2. எல்லாத் தெருக்களுக்கும் ஒரே அகலம் வேண்டுவதில்லை. போக்குவரத்துக்குத் தக்கபடி அகலத்தை அமைத்தால் மிஞ்சும் நிலமும் பணமும் தோட்டத்திற்கு உதவும்.

3. ஏக்கருக்கு இத்தனை வீடு என்பது ஓர் எல்லையேயன்றி அதுவே நல்ல ஊரன்று. வெயில், காற்று, விளையாடுமிடம், பொதுநிலம் ஆகியவற்றைக் கருதாது எண்ணை மட்டும் பின்பற்றினால் பயனில்லை.

4. வீட்டில் வசிக்கப்போகும் ஸ்திரீ புருஷர்களின் விருப்பத்தை முதலிற் கேட்டறிதல் வேண்டும். நிபுணரும் தம் கொள்கையை அதற்காக மாற்றிக்கொள்ளலாம். அன்வினின் வாழ்க்கையே அதற்கு உதாரணம்.