வண்டி தாம்பரம் வரையா, செங்கல்பட்டு வரையா?

கேள்வி: கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமை, ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஆட்டத்தை நடத்துகிற டிஎம் கதையை நம்ம ஏரியாவிலேயே வைத்திருக்கிறார். ஒரு அபார்ட்மென்ட்கூட இல்லாத காலம், நன்மங்கலம் காடு வண்டலூர் வரை நீண்டு கிடக்கிறது, பள்ளிக்கரணைச் சதுப்புக்குள் படகுத் திருடர்கள். என் காரெக்டர் பெயர் கோட்டான். ரேஞ்சர், அதில் ஹன்ட்டர் வகை, கையில் நீள வில். இப்போது 11-ஆம் லெவல். டெக்ஸ்டெரிட்டி 20, விஸ்டம் 14, ஸ்ட்ரெங்த் 10. நாலாம் லெவலிலும் எட்டாம் லெவலிலும் கிடைத்த பாயின்ட் எல்லாவற்றையும் டெக்ஸ்டெரிட்டியிலேயே கொட்டிவிட்டேன், ஃபீட் ஒன்றும் எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை 12-க்கு ஏறுகிறோம். இனிமேல் இன்னொரு கிளாஸையும் சேர்த்து மல்டிகிளாஸ் பண்ணலாம் என்று நினைக்கிறேன். ஒரு நண்பன் ரோக் எடு என்கிறான், இன்னொருவன் ஃபைட்டர் என்கிறான், மூன்றாமவன் ட்ரூயிட் என்று சாதிக்கிறான். தீபாவளிக்குள் 15-ஆம் லெவலில் கதையை முடித்துவிடுவேன் என்று டிஎம் சொல்லியிருக்கிறார். எதை எடுக்கலாம்?
— ஒரு வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி கடைசிக்கு முந்தைய வரிதான். பீச் ஸ்டேஷனில் வண்டி ஏறும்போது நாம் முதலில் கேட்பது என்ன? "இது தாம்பரமா, செங்கல்பட்டா?" வேகம், கூட்டம், ஜன்னல் சீட் எல்லாம் அதற்கப்புறம். மல்டிகிளாஸ் கேள்வியோடு எனக்கு வருகிற கடிதங்களில் பாதிப் பேர் 20-ஆம் லெவலில் நிற்கப்போகிற ஒரு காரெக்டரைக் கற்பனை செய்துகொண்டு கேட்கிறார்கள். அவர்கள் வண்டி தாம்பரத்திலேயே நின்றுவிடும். உங்கள் டிஎம் 15 என்று போர்டு மாட்டிவிட்டார். ஆக, உங்களிடம் மிச்சம் இருப்பது நாலே லெவல்: 12, 13, 14, 15. இந்த நாலை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கணக்கு.

ஒரு சங்கதி. நீங்கள் ஆடுகிற 2014 புத்தகத்தில் மல்டிகிளாஸும் ஃபீட்டும் விருப்ப விதிகள், டிஎம் சரி என்றால்தான் உண்டு. கேட்டிருப்பீர்கள். கேட்காவிட்டால் இன்றே ஒரு போன் போடுங்கள், ஏனென்றால் நான் சொல்லப்போவதில் இரண்டும் வருகிறது.

எதைச் சேர்ப்பது என்பதற்கு முன், ரேஞ்சரிலேயே தொடர்ந்தால் என்ன வரும் என்று பார்த்துவிடுவோம். 12-இல் எபிலிட்டி ஸ்கோர் கூட்டலாம், அல்லது ஒரு ஃபீட். 13-இல் நாலாம் நிலை ஸ்பெல். 14-இல் மூன்றாவது ஃபேவர்டு எனிமி, கூடவே வேனிஷ்: போனஸ் ஆக்‌ஷனில் ஒளிந்துகொள்ளலாம், மந்திரம் இல்லாமல் யாரும் உங்கள் தடம் பிடிக்க முடியாது. 15-இல் ஹன்ட்டருக்கான கடைசித் தற்காப்பு. மோசமில்லை. ஆனால் ரேஞ்சரின் கனமான சரக்கெல்லாம் ஏற்கெனவே உங்கள் பையில் வந்துவிட்டது. நேச்சுரல் எக்ஸ்ப்ளோரரில் மூன்றாவது நிலம் 10-ஆம் லெவலோடு முடிகிறது. காடு, சதுப்பு, கடற்கரை என்று எடுத்திருந்தால் நன்மங்கலம், பள்ளிக்கரணை, கோவளம் மூன்றும் உங்கள் கையில். அதற்கு மேல் ரேஞ்சரில் எத்தனை லெவல் ஏறினாலும் நாலாவது நிலம் கிடையாது. அம்பு இரண்டு விடுவது ஐந்தாம் லெவலிலேயே வந்தாயிற்று. 11-இல் ஹன்ட்டருக்கு வாலி வந்தாயிற்று, அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

நல்ல வேளை, நீங்கள் இவ்வளவு பொறுத்தீர்கள். நான் பொறுக்கவில்லை. வருஷங்களுக்கு முன் ஒரு ஆட்டத்தில் ரேஞ்சர் நாலு, ரோக் மூன்று என்று கலந்து வைத்தேன். ஏழாம் லெவலில் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு வெட்டு வெட்டிக்கொண்டிருக்க, நான் ஒரே அம்பை விட்டுவிட்டு மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் முடிவு: 12-ஆம் லெவலை ரேஞ்சரிலேயே எடுங்கள், அதில் வருகிற இடத்தில் ஷார்ப்ஷூட்டர் ஃபீட்டைப் போடுங்கள். உங்கள் டெக்ஸ்டெரிட்டி 20-ஐத் தொட்டுவிட்டது, அதற்கு மேல் ஏறாது. ஷார்ப்ஷூட்டர் இருந்தால் தொலைவுக்கான டிஸ்அட்வான்டேஜ் இல்லை. முழுசாக மறையாமல் மரத்துக்குப் பின்னால் பாதி ஒளிந்தவனுக்குக் கிடைக்கும் கவர் செல்லாது. எல்லாவற்றுக்கும் மேல், பகடை உருட்டும் முன் "ஐந்து குறைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், பட்ட அம்புக்குப் பத்து டேமேஜ் கூடும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12-ஆம் லெவலில் உங்கள் புரொஃபிஷியன்சி 4, டெக்ஸ்டெரிட்டிக்கு 5, ஆர்ச்சரி ஸ்டைலுக்கு 2, மொத்தம் 11. எதிரியின் ஏசி 17 என்று வையுங்கள். (மாடியில் நீங்கள் "ஏசி 17" என்று கத்தினால் கீழேயிருந்து "கரண்டு பில் யார் கட்டுவது, 25-ல வை" என்று குரல் வரும். இது ஆர்மர் கிளாஸ்.) இருபது முகப் பகடையில் 6 விழுந்தால் போதும், நூற்றுக்கு 75 தரம் படும். அம்பு ஒன்றுக்குச் சராசரி 9.5, எனவே கைக்கு வருவது ஏறத்தாழ 7.1. ஐந்தைக் குறைத்தால் 11 விழவேண்டும், நூற்றுக்கு 50. ஆனால் பட்டால் 19.5. கைக்கு வருவது 9.75. பாதி அம்பு வீணாகப் போனாலும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாபம். ஏசி 20 ஆனால் இந்த லாபம் சுருங்கிவிடும், அப்போது யோசித்துச் செய்யுங்கள்.

மிச்சம் மூன்று லெவல். இங்கேதான் உங்கள் நண்பர்கள் மூவரும் வருகிறார்கள்.

ட்ரூயிட்காரரை முதலில் கவனிப்போம், அவர் வாதம் காகிதத்தில் ரொம்ப அழகாக இருக்கும். ரேஞ்சர் லெவலில் பாதி, ட்ரூயிட் லெவல் முழுசு, கூட்டினால் ஒன்பது. ஐந்தாம் நிலை ஸ்லாட் ஒன்று வந்துவிடும். ரேஞ்சர் மட்டும் ஆடினால் அது 17-ஆம் லெவலில்தான். ஆனால் ஸ்லாட் என்பது பாத்திரம், சமைக்கிறது ஸ்பெல். ட்ரூயிட்டில் மூன்று லெவல் ஏறினால் இரண்டாம் நிலை ஸ்பெல்வரைதான் தெரியும், ரேஞ்சரில் மூன்றாம் நிலைவரை. அண்டா இருக்கிறது, உள்ளே டம்ளர் அளவு ரசம். மந்திரத்துக்கு எதிரி போடும் சேவும் உங்கள் 14 விஸ்டத்துக்கு 15-இல் நின்றுவிடும். 15-ஆம் லெவல் அசுரர்களில் பலர் அதை அனாயாசமாகத் தாண்டுவார்கள். இன்னொன்று: ரேஞ்சர் ஸ்பெல்களான ஹன்ட்டர்ஸ் மார்க், கான்ஜர் அனிமல்ஸ் இரண்டுக்குமே கான்சென்ட்ரேஷன் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும் என்றால் ஸ்லாட் எத்தனை இருந்து என்ன? அந்த ஐந்தாம் நிலை ஸ்லாட்டில் கான்ஜர் அனிமல்ஸ் போட்டால் எட்டு ஓநாய் பதினாறு ஆகும் என்பது உண்மை. பதினாறு ஓநாய்க்கும் தனித்தனியாகப் பகடை உருட்டி முடிப்பதற்குள் கடைசி லோக்கல் போய்விடும். உங்கள் டிஎம்முக்கு பிபி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரோக் நல்ல யோசனைதான், ஆனால் உங்களுக்கு இல்லை. ஸ்னீக் அட்டாக் ஒரு டர்னுக்கு ஒரு தடவைதான். ரோக் மூன்றில் அது இரண்டு ஆறு முகப் பகடை, சராசரி 7. அதற்கும் அட்வான்டேஜ் இருக்கவேண்டும், அல்லது உங்கள் ஆள் ஒருவர் எதிரி பக்கத்தில் நிற்கவேண்டும். கன்னிங் ஆக்‌ஷனுக்கு போனஸ் ஆக்‌ஷன் வேண்டும், ஹன்ட்டர்ஸ் மார்க்கை வைக்கவும் இடம் மாற்றவும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான் வேண்டும். ஒரே பாத்ரூமுக்கு இரண்டு பேர் வரிசை. ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஆட்டத்தில் சண்டை குறைவு, ஒளிந்து போவதும் ஒட்டுக்கேட்பதும்தான் அதிகம் என்றால் ரோக்கின் எக்ஸ்பர்ட்டீஸுக்கு ஈடு கிடையாது. 15-இல் ஸ்டெல்த்துக்கு 15 கூட்டி உருட்டுவீர்கள். படகுத் திருடர்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அம்பு பறக்கிற ஆட்டமாகத்தான் தெரிகிறது.

ஃபைட்டர்காரர் சொன்னதுதான் சரி. அதுவும் அவர் சொல்லியிருக்கக்கூடிய காரணத்துக்காக இல்லை.

காரணம், வாலி. வாலி என்றதும் ராமாயணத்துக்குப் போய்விடாதீர்கள், அங்கே மறைந்திருந்து அம்பு விட்டவர் வேறொருவர். இது வாலிபால் வாலி. ஹன்ட்டர் 11-இல் வருகிற இந்த வித்தையில், ஒரு புள்ளியைக் காட்டி, அதைச் சுற்றிப் பத்தடிக்குள் நிற்கிற எல்லார் மேலும் ஆளுக்கொரு அம்பு விடலாம். இது ஒரு ஆக்‌ஷன். ஃபைட்டர் இரண்டில் ஆக்‌ஷன் சர்ஜ் வருகிறது: ஒரு ஷார்ட் ரெஸ்ட்டுக்கு ஒரு தடவை, அதே டர்னில் இன்னொரு முழு ஆக்‌ஷன். சாதாரண வில்லாளிக்கு அது இரண்டு அம்பு கூடுதல். உங்களுக்கு அது இரண்டாவது வாலி.

கண்ணால் பாருங்கள். 14-ஆம் லெவல், ரேஞ்சர் 12, ஃபைட்டர் 2. பள்ளிக்கரணைக் கோரைக்குள்ளிருந்து ஐந்து ஓகர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கரையேறுகிறார்கள். ஓகரின் ஏசி 11, ஹிட் பாயின்ட் 59. உங்கள் புரொஃபிஷியன்சி இப்போது 5, மொத்தம் 12, ஷார்ப்ஷூட்டருக்கு ஐந்தைக் கழித்து 7. பகடையில் 4 விழுந்தால் போதும். ஒரு வாலிக்கு ஆளுக்குச் சராசரி 16.5 சொச்சம், இரண்டு வாலிக்கு 33. உங்கள் ஒரே டர்னில் ஐந்து ஓகருமே பாதி உயிரைத் தாண்டிக் கொடுத்துவிட்டு நிற்பார்கள். பத்துப் பகடை உருட்டுகிற அந்த அரை நிமிஷத்துக்கு மாடியில் யாரும் போனைப் பார்க்கமாட்டார்கள், எழுதித் தருகிறேன்.

13-ஆம் லெவல், அதாவது ஃபைட்டரில் முதல் படி, கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். செகண்ட் விண்ட் வரும். இரண்டாவது ஃபைட்டிங் ஸ்டைல் வரும். ஆர்ச்சரியை மறுபடி எடுக்க முடியாது, டிஃபென்ஸ் எடுத்து ஏசியில் ஒன்று ஏற்றிக்கொள்ளுங்கள். 15-இல் ஃபைட்டர் மூன்று, பேட்டில் மாஸ்டர் எடுங்கள். சாம்பியன் வேண்டாம், பகடையில் 19 விழக் காத்திருப்பது லாட்டரிச் சீட்டு. பேட்டில் மாஸ்டரில் எட்டு முகப் பகடை நாலு தருவார்கள், மூன்று உத்திகளில் பிரிசிஷன் அட்டாக் கட்டாயம் இருக்கட்டும். ஐந்து குறைத்து விட்ட அம்பு மயிரிழையில் தவறும் போலிருந்தால் அந்தப் பகடையை உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். அந்த அம்பின் விளைவு எதுவும் நடப்பதற்கு முன்பே முடிவு செய்யவேண்டும், அவ்வளவுதான். 15-ஆம் லெவல் உங்களுக்குக் கடைசிச் சண்டைக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நாலு பகடையையும் அன்றைக்கே காலி செய்துவிடலாம்.

மங்க், பாலடின், பார்பேரியன் பற்றியும் யாராவது பேசுவார்கள். பாலடினுக்கும் பார்பேரியனுக்கும் ஸ்ட்ரெங்த் 13 வேண்டும், உங்களிடம் 10. மங்க் எடுத்தால் கவசத்தைக் கழற்றவேண்டும். முடிந்தது.

ஒருவேளை தீபாவளி தாண்டியும் கதை நீண்டு, வண்டி செங்கல்பட்டு வரை போகும் என்று டிஎம் மனசு மாறினால்? பயமில்லை. 16-இலிருந்து மறுபடி ரேஞ்சரில் ஏறுங்கள். 20-இல் ரேஞ்சர் 17, ஃபைட்டர் 3 ஆகும், ஸ்விஃப்ட் க்விவர் உட்பட ஐந்தாம் நிலை ஸ்பெல் வந்துவிடும். உங்களுக்குப் போவது ஃபெரல் சென்ஸஸும், 19-இல் வருகிற ஸ்கோர் கூட்டலும், 20-இல் வருகிற ஃபோ ஸ்லேயரும். ஃபோ ஸ்லேயர் என்பது ஃபேவர்டு எனிமி மேல் டர்னுக்கு ஒரு தடவை விஸ்டம் கூட்டல், உங்கள் கணக்கில் வெறும் 2. இருபது லெவல் உழைத்தவனுக்குக் கையில் இரண்டு ரூபாய் கொடுத்தனுப்புவது மாதிரி. அந்தப் பதிப்பில் ரேஞ்சருக்கு நடந்த அநியாயங்களில் இது ஒன்று.

2024 புத்தகத்துக்கு மாறலாமா என்று நடுவில் யாராவது ஆரம்பித்தால் மட்டும் உஷாராகுங்கள். அதில் ஹன்ட்டருக்கு வாலி கிடையாது, ஷார்ப்ஷூட்டரில் அந்த ஐந்துக்குப் பத்து பேரமும் கிடையாது. நான் மேலே போட்ட கணக்கு மொத்தமும் தண்ணீரில் எழுதினது ஆகிவிடும். 1975-இல் ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ பத்திரிகையில் ஜோ ஃபிஷர் முதன்முதலில் எழுதிய நாளிலிருந்து ரேஞ்சரை ஒவ்வொரு பதிப்பிலும் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கோட்டான் என்ற பெயர் அருமை. நன்மங்கலத்தில் பழைய கல் குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை உண்டு. இரண்டு லெவலுக்குள் காட்டு ஆள் எப்படிப் படை வீரனானான் என்று டிஎம் கேட்டால், பல்லாவரம் மலை மேல் காவல் நிற்கிற ஒரு பழைய வில்படைத் தலைவனிடம் ஒரு மழைக்காலம் தங்கியிருந்தான் என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு அம்பறாத்தூணியில் 20 அம்புதான் பிடிக்கும். ஐந்து ஓகருக்கு இரண்டு வாலி விட்டால் ஒரே டர்னில் பத்து காலி. சண்டை முடிந்து ஒரு நிமிஷம் தேடினால் விட்டதில் பாதி திரும்பக் கிடைக்கும். தூணி ஒரு தங்கக் காசு, இருபது அம்பு ஒரு தங்கக் காசு. சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன்பே இன்னும் இரண்டு செட் வாங்கி ஷீட்டில் எழுதிவிடுங்கள், சதுப்புக்கு நடுவில் கடை இருக்காது.