பிராரத்தமும் பிறர் துயரும்

துன்பம் எதனால் வந்தது என வினவுவார்க்குப் பிராரத்தம் என்னும் ஒரு சொல்லால் விடையிறுத்து அமைதல் நம்மவர்க்கு எளிதாயிற்று. விடை பிழையன்று. மகவை இழந்தார் மனைத் திண்ணையிலிருந்து அவ்விடையைப் பகர்வாரைக் கண்டிருக்கின்றாம். ஒருகால் யாமும் பகர்ந்து, கேட்டவர் முகங்கண்டு நாணினாம். ஆதலின் அச்சொல் யாவர் எங்ஙனம் கொள்ளுதற்குரியது என்பதனை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

இறைவன் ஒறுப்பும் அருளே எனச் சிவஞானசித்தியார் சுபக்கத்து 2-ஆம் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர் நிறுவுவார். சொல்வழி நில்லாப் புதல்வரைப் பெற்றோர் அடித்துத் திருத்துதல் ஆண்டு உவமையாயிற்று. இவ்வுண்மை துன்புறுவான் தன்னகத்தே தெளிதற்குரியது. தெளியாதவழி, நுகர்ச்சிக்கண் எழும் வெறுப்பும் வெகுளியும் ஆகாமியமாய் ஏறும். எண்ணியது கைகூடாமையால் வரும் ஏமாற்றமோ, பற்று எத்துணை ஆழ வேரூன்றிற்று என்பதை உயிர்க்குக் காட்டும். காட்டுதலளவே அதன் தொழில், பற்றறுப்பது அருளே. துன்பமே வீடு தரும் என்பாரை யாம் உடன்படேம்.

அற்றேல், பிறன் வினையைப் பிறன் நுகர்க என வாளாவிருத்தல் தகும், உதவுவது இறைவனாணையைத் தடுத்தலாம் எனின், அற்றன்று. நோய் வினைவழி வந்ததாயின் மருந்தும் அவ்வழியே வரலாம். பிறர் வினையின் எல்லையை அறியமாட்டாத நாம் கைவிட்டிருப்பின், அஃது நமக்கே ஆகாமியமாம். கொடிமாடச்செங்குன்றூரில் அடியார் குளிர்சுரத்தால் நடுங்கியபோது ஆளுடைய பிள்ளையார் வினைநூல் விரித்துக்கொண்டிருந்திலர். திருநீலகண்டப் பதிகம் ஓதி அந்நோயை அகற்றினார்.

இதனினும் நுட்பமுடையது திலகவதியார் வரலாறு. தம்பி பரசமயம் புக்கமைக்கு வருந்திய அம்மையார்க்கு, அவரைச் சூலைநோய் தந்து ஆட்கொள்வேம் என இறைவன் கனவில் உணர்த்தியருளினான் எனச் சேக்கிழார் கூறுவர். எனவே அந்நோய் எவன் செயல், எதன்பொருட்டு என்பதனை ஐயமின்றி அறிந்தவர் அவர். நாம் ஊகித்துச் சொல்லும் பிராரத்தம் போல்வதன்று அவ்வறிவு. தம்மை அழைக்க வந்தானிடம் அமணர் பாழிக்கு வாரேன் என்றதும் அவரே. ஆயினும், நள்ளிருளில் தாமே திருவதிகை அடைந்து தம்பியார் அடிவீழ்ந்தபோது, இது நினக்கு வேண்டுவதே என ஒரு சொல்லும் அவர் வாயினின்று எழவில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறளித்து, திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் அலகும் சாணியும் தோண்டியும் தாங்கித் தம் தொண்டிற்குப் புறப்பட்டு, தம்பியாரையும் வீரட்டானத்துட் கொண்டுசென்றார்.