ஆலைக்கு மருத்துவர் எழுதும் அறிக்கை

நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், "உன் தொழில் என்ன?" என்றும் கேட்க வேண்டும் என 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் வற்புறுத்தியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழில்சார் மருத்துவம் என்னும் துறைக்கு அந்தக் கேள்வியே வித்து எனலாம். விடை கிடைத்த பின்னர், அதை யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அடுத்த சிக்கல். தொழிலாளியைப் பரிசோதித்த மருத்துவர், அவருக்கு வேலை தந்திருக்கும் முதலாளிக்கு எழுதும் அறிக்கையில் எவை இடம்பெற வேண்டும் என்பதை ஒரு நூற்பாலையை முன்வைத்து நோக்குவோம்.

நூற்பாலையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. என் சிற்றப்பா ஓர் ஆலையின் கார்டிங் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். மூச்சுத் திணறல் கண்டபோது ஆலையே அவரை ஒரு மருத்துவரிடம் அனுப்பியது. அங்கிருந்து திரும்பிய அறிக்கை இரண்டே வரி: "நாட்பட்ட நெஞ்சு நோயாளி. கடின வேலைக்கு உதவார்." எழுத்தர் படித்தார், மேஸ்திரிக்குத் தெரிந்தது, மாலைக்குள் தேநீர்க் கடைவரை அது காசநோய் என்று பரவிவிட்டது. மாதம் முடிவதற்குள் வேலையும் போயிற்று. அந்த இரண்டு வரியில் இருக்கக் கூடாதது இருந்தது. இருக்க வேண்டியவை எவையும் இல்லை.

பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். பேல் உடைக்கும் இடம், ப்ளோரூம், கார்டிங் ஆகியவற்றில்தான் தூசி மிகுதி. இந்நோயின் தொடக்க நிலை விந்தையானது. வார விடுமுறை கழித்து வேலைக்கு வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகும்; அடுத்த நாளே தணிந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல மற்ற நாள்களுக்கும் பரவி, இறுதியில் நுரையீரலின் ஆற்றலே நிலையாகக் குன்றிவிடும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் இதை ஆராய்ந்த ஷில்லிங் என்னும் மருத்துவர் இப்படிகளை வகுத்துக் காட்டினார்.

இதிலிருந்து அறிக்கைக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. தொடக்க நிலையில் உள்ள தொழிலாளியைப் புதன்கிழமை சோதித்தால் குறை எதுவும் தென்படாமல் போகலாம். விடுமுறைக்கு அடுத்த நாளில், வேலைக்குள் நுழையுமுன் ஒருமுறையும், சில மணி நேரம் வேலை செய்த பின் ஒருமுறையும், ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவை ஸ்பைரோமீட்டரில் அளந்து ஒப்பிட வேண்டும். ஆகவே சோதனை எந்த நாளில், எந்த நேரத்தில் நடந்தது என்பதை எழுதாத அறிக்கையை நம்ப இயலாது. தொழிலாளி எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டுகளாக, எந்த ஷிப்டில் வேலை செய்கிறார் என்பதும் அவ்வாறே. ஆலை கேட்ட கேள்வி என்ன என்பதையும் முதலில் குறிப்பது நன்று. "இவர் கார்டிங்கில் தொடரலாமா?" என்ற கேள்விக்கும், "இவர் வேலைக்கே தகுதியானவரா?" என்ற கேள்விக்கும் விடை ஒன்றன்று.

நோயின் பெயரை எழுதலாமா? கூடாது என்பதே பன்னாட்டுத் தொழில் அமைப்பின் நிலை. 1985ஆம் ஆண்டில் அது வெளியிட்ட 171ஆம் பரிந்துரை, முதலாளிக்கு அனுப்பும் முடிவுகளில் மருத்துவ விவரம் இருத்தல் ஆகாது என்கிறது. குறித்த வேலைக்குத் தகுதியுண்டா, எவ்வகை வேலையும் சூழலும் தற்காலிகமாகவோ நிலையாகவோ ஒவ்வா என்பவற்றைத் தெரிவித்தால் போதும். ஆலைக்குத் தேவை வேலை பற்றிய விடை. சிற்றப்பாவின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள செய்தி.

அப்படியாயின் நோயை மறைத்து ஆலையைத் தப்பவிடுவதாகாதா என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. பிசினோசிஸ், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை முதலிய நோய்களை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பட்டியலிட்டது. இவற்றுள் ஒன்று இருப்பதாகக் கருதும் மருத்துவர், நோயாளியின் பெயர், முகவரி, நோய், ஆலையின் பெயர் ஆகியவற்றைத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தாமதமின்றி எழுத வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டமும் 12ஆம் பிரிவில் இக்கடமையை வைத்திருக்கிறது. இது முதலாளிக்கு எழுதும் அறிக்கையினின்றும் வேறானது. இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதுதான் தவறு.

போபால் விபத்துக்குப் பின், 1987இல் சேர்க்கப்பட்ட 41 சி பிரிவு, அபாயகரமான தொழில்களில் ஈடுபடுவோரின் உடல்நலப் பதிவேடுகளை அத்தொழிலாளர்களே பார்க்க வழி செய்தது. அறிக்கையும் அவ்வாறே. அனுப்புமுன் தொழிலாளிக்குப் படித்துக் காட்டி இசைவு பெறுவதும், ஒரு படியை அவர் கையில் கொடுப்பதும் முறை.

சிற்றப்பாவுக்கு முறையான அறிக்கை ஒன்று எழுதப்பட்டிருந்தால் ஏறக்குறைய இவ்வாறு அமைந்திருக்கும்: "கார்டிங் பிரிவில் தொடரலாமா எனக் கேட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தேன். இவர் ப்ளோரூம், கார்டிங் ஆகிய இடங்களில் வேலை செய்யலாகாது. தூசி குறைந்த பேக்கிங் போன்ற பிரிவில் முழுநேரமும் வேலை செய்யத் தகுதியுடையவர். மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். கார்டிங் எந்திரங்களின் தூசி உறிஞ்சும் குழாய்களைச் சோதிக்கவும். காற்றிலுள்ள தூசியை அளக்கவும். அங்கு வேலை செய்யும் மற்றவர்களையும் பரிசோதனைக்கு அனுப்பவும். இவ்வறிக்கையைத் தொழிலாளி படித்து இசைந்துள்ளார்."

கீழே நாள், மருத்துவரின் பெயர், தகுதி, கையொப்பம். உறையின் மேல், இன்னாரே பிரிக்க வேண்டும் என்ற குறிப்பு. எழுத்தரின் மேசைக்கு அது போகாதிருக்க.