பழைய விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பங்கை எண்ணு

போன வியாழக்கிழமை ஆபீஸ்ல இருந்து நீ போன் பண்ணினப்ப உன் குரலே சரியில்ல. "அக்கா, என் ஷேர் ஒரே ராத்திரில பாதியாயிடுச்சு, வித்துடவா?"ன்னு கேட்ட. ஆப்புல சிவப்பு எழுத்துல மைனஸ் 50ன்னு காட்டினா யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். விக்கிற பட்டனை அமுக்கிறதுக்கு முன்னாடி கேட்டியே, அதுவே பெரிய விஷயம். அந்தக் கம்பெனி ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ், அதாவது கையில இருக்கிற ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு, கொடுத்திருந்துச்சு. விலை காலையில சந்தை திறந்தப்பவே பாதியாயிடுச்சு. போனஸ் பங்கு உன் டீமேட்ல வந்து சேர ரெண்டு நாள் போல ஆகும். அந்த ரெண்டு நாளும் பாதிப் பணம் காணாமப் போன மாதிரிதான் தெரியும். போனில் அவசரத்துல அரைகுறையா சொன்னதை இப்ப முழுசா எழுதுறேன், பத்திரமா வச்சுக்கோ.

ஒரு பங்கோட பழைய விலையை எங்க பார்த்தாலும் நீ முதல்ல கேட்க வேண்டியது ஒண்ணுதான்: இது எந்தப் பங்குக் கணக்குல சொன்ன விலை? ஒரு கிலோ சர்க்கரையை ஒரே பையில விக்கிற கடைக்காரர் நாளைக்கு அதையே பத்துப் பொட்டலமா கட்டினா பொட்டலத்தோட விலை பத்துல ஒரு பங்கா குறையும். சர்க்கரை அதேதான். 2024 ஜனவரி 5ஆம் தேதி நெஸ்லே இந்தியா 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாய்ப் பங்கா பிரிச்சுச்சு. முந்தின நாள் 27 ஆயிரத்தைச் சுத்தி இருந்த விலை அன்னைக்கு 2,700ஐச் சுத்தி வந்துடுச்சு. கையில ஒரு பங்கு வச்சிருந்தவங்களுக்கு பத்துப் பங்கு ஆச்சு. விலையை மட்டும் பார்த்தவங்களுக்கு அது பெரிய சரிவு மாதிரி தெரிஞ்சிருக்கும்.

இன்ஃபோசிஸ் கணக்கை ஒரு தடவை நீயே பேப்பர்ல போட்டுப் பாரு. நான் இதைப் போட்டுப் பார்த்த அன்னைக்குத்தான் பழைய விலைன்னா என்னன்னு எனக்கே புரிஞ்சுச்சு. 1993ல அவங்க பங்கை 95 ரூபாய்க்கு வெளியிட்டாங்க. ஒருத்தர் 100 பங்கு வாங்கியிருந்தா 9,500 ரூபாய். 1994, 1997, 1999 மூணு தடவையும் ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ்: 200, 400, 800. 2000ல 10 ரூபாய் முகமதிப்பை 5 ரூபாயா பிரிச்சாங்க: 1,600. 2004ல ஒண்ணுக்கு மூணு போனஸ். இங்கதான் நிறையப் பேர் மூணால பெருக்கிடுவாங்க. இருக்கிற ஒண்ணோட புதுசா மூணு சேருது, அதனால நாலால பெருக்கணும்: 6,400. 2006ல மறுபடி ஒண்ணுக்கு ஒண்ணு: 12,800. 2014, 2015, 2018ல மறுபடி மறுபடி: 25,600, 51,200, கடைசியில 1,02,400. நூறு பங்கு ஒரு லட்சத்து ரெண்டாயிரத்து நானூறு பங்கு ஆயிருக்கு.

இப்ப அந்த 95 ரூபாயை இன்னைக்குப் பங்குக் கணக்குக்கு மாத்தணும்னா 1,024ஆல வகுக்கணும். ஒன்பது காசு சொச்சம் வரும். ஒன்பது காசுக்கு அந்தப் பங்கை யாரும் எந்தக் காலத்துலயும் வாங்கல. ஆனா ஆப்புல இருக்கிற சார்ட்டை ஆரம்பம் வரைக்கும் இழுத்தா தரையோட ஒட்டி ஒரு கோடு தெரியுதே, அது இந்தத் திருத்தின விலைதான். அது பொய்யில்ல. வளர்ச்சியை அளக்க அந்தத் திருத்தின விலைதான் வேணும். அப்பா அன்னைக்கு என்ன காசு கொடுத்து வாங்கினாருன்னு தெரியணும்னா திருத்தாத விலை வேணும். ரெண்டையும் ஒரே எக்செல் ஷீட்ல கலந்துட்டா கணக்கு முழுக்கக் கோணலாயிடும்.

எது எங்க கிடைக்கும்? என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்கள்ல பங்கோட பேரைக் கொடுத்து தேதி வாரியா இறக்கினா அன்னைக்கு நடந்த விலை அப்படியே இருக்கும், திருத்தமே இருக்காது. யாஹூ ஃபைனான்ஸ் மாதிரி இடத்துல 'குளோஸ்'னு போட்டிருக்கிறதே பிரிப்பு, போனஸுக்குத் திருத்தினது. பக்கத்துல 'அட்ஜஸ்டட் குளோஸ்'னு இன்னொரு பத்தி இருக்கும், அதுல டிவிடெண்டையும் கழிச்சிருப்பாங்க. ஒரே பங்கு, ஒரே தேதி, மூணு இடத்துல மூணு விலைன்னு குழம்பாதே. மூணும் சரிதான், கேள்விதான் வேற வேற.

இறக்கின ஷீட்ல எல்லாப் பத்தியையும் பார்க்கத் தேவையில்ல. ரெண்டை மட்டும் தெரிஞ்சுக்கோ. ஒண்ணு, என்.எஸ்.இ.யில முடிவு விலைன்னா பல வருஷமா இருக்கிற முறைப்படி அன்னைக்குக் கடைசியா நடந்த வியாபாரத்தோட விலை கிடையாது. மூணு மணியில இருந்து மூணரை வரைக்கும் நடந்த வியாபாரத்தோட சராசரி, அதுவும் எத்தனை பங்கு கைமாறுச்சுங்கிறதையும் சேர்த்துப் போட்ட சராசரி. அதனாலதான் கடைசி விலையும் முடிவு விலையும் சில ரூபாய் வித்தியாசமா இருக்கு. அப்புறம் டெலிவரி அளவைக் கொஞ்சம் கவனி. அன்னைக்குக் கைமாறினதுல எவ்வளவு பங்கு நிஜமா டீமேட்டுக்குப் போச்சுங்கிறதை அது சொல்லும்.

விலை ஒசந்த பங்கு காஸ்ட்லின்னும், நூறு ரூபாய்ப் பங்கு மலிவுன்னும் நினைக்கிற பழக்கத்தை இன்னைக்கே விட்டுடு. 1946ல திருவொற்றியூர்ல பலூன் செஞ்ச சின்னக் கொட்டகையில ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூன்ல ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுச்சு. அந்தக் கம்பெனிக்கு மொத்தமே 42 லட்சத்துச் சொச்சம் பங்குதான். இன்ஃபோசிஸ்ல நானூறு கோடிக்கு மேல. எத்தனை துண்டா வெட்டியிருக்குன்னு தெரியாம ஒரு துண்டோட விலையை வச்சு மலிவா காஸ்ட்லியான்னு எப்படிச் சொல்லுவ?

கம்பெனியே ரெண்டாப் பிரிஞ்சாலும் விலை இறங்கும். 2023 ஜூலை 20ஆம் தேதி ரிலையன்ஸ்ல இருந்து ஜியோ ஃபைனான்ஷியல் தனியாப் பிரிஞ்சப்ப ரிலையன்ஸ் விலை 2,841 ரூபாய் 85 காசுல இருந்து 2,580க்கு வந்துச்சு. அந்த 261 ரூபாய் 85 காசு எங்கயும் போயிடல. ஒரு ரிலையன்ஸுக்கு ஒரு ஜியோ ஃபைனான்ஷியல் பங்கா அதே வீட்டுக்குத்தான் வந்துச்சு. இந்த மாதிரிப் பிரிவை சில சார்ட் திருத்தும், சிலது திருத்தாது. திடீர்னு ஒரு பள்ளம் தெரிஞ்சா அந்தத் தேதில கம்பெனி என்ன அறிவிச்சுச்சுன்னு எக்ஸ்சேஞ்ச் தளத்துல 'கார்ப்பரேட் ஆக்‌ஷன்' பக்கத்தைத் திறந்து பாரு.

அங்க ஒண்ணும் இல்லன்னா அது நிஜமான சரிவு. அப்ப, அன்னைக்கு எல்லாரோடயும் சேர்ந்து விழுந்துச்சா, தனியா விழுந்துச்சான்னு பாரு. சென்செக்ஸ் 2020 ஜனவரியில 42 ஆயிரத்தைத் தாண்டியிருந்துச்சு, மார்ச்ல 26 ஆயிரத்துக்கும் கீழே வந்துச்சு, அதே வருஷம் நவம்பர்ல பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு. அந்த மார்ச்ல விழுந்ததுக்காக ஒரு கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு நாள்ல எழுந்துச்சுங்கிறதுதான் பார்க்க வேண்டியது. 2009 ஜனவரி 7 அப்படி இல்ல. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் கணக்கைப் பொய்யா எழுதினதை ஒத்துக்கிட்டு கடிதம் கொடுத்த நாள் அது. அன்னைக்கு ஒரே நாள்ல அந்தப் பங்கோட மதிப்புல முக்கால்வாசிக்கு மேல கரைஞ்சுபோச்சு. அதுக்கு முந்தின வருஷங்களோட விலையை யார் எவ்வளவு உத்துப் பார்த்திருந்தாலும் இது தெரிஞ்சிருக்காது, ஏன்னா அந்த விலையே பொய்க் கணக்கை நம்பி வந்த விலை. அதனாலதான் சொல்றேன், கோடு அழகா ஏறுதுங்கிறதுக்காக மட்டும் உன் சம்பளத்தை எதுலயும் போடாதே.

டிவிடெண்டையும் மறக்காதே. கோல் இந்தியாவை 2010ல 245 ரூபாய்க்கு வெளியிட்டாங்க. 2020ல விலை அதுல பாதிக்கும் கீழே போச்சு. சார்ட் அவ்வளவுதான் சொல்லும். நடுவுல 2014 ஜனவரியில மட்டுமே ஒரு பங்குக்கு 29 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தாங்க, மத்த வருஷங்கள்லயும் கொடுத்தாங்க. அதையெல்லாம் கூட்டாம லாப நஷ்டம் பேசுறது நியாயமில்ல.

இனி வரி. இதுக்காகத்தான் நானே பழைய விலையைத் தேட ஆரம்பிச்சேன். 2018 ஜனவரி 31ஆம் தேதியோ அதுக்கு முன்னாடியோ வாங்கின பங்கை இப்ப வித்தா, அந்த 31ஆம் தேதி எக்ஸ்சேஞ்ச்ல நடந்த அதிகபட்ச விலையையும் விக்கிற விலையையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதை எடுக்கணும். அதையும் நிஜமா வாங்கின விலையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதுதான் உன் அடக்க விலை. இங்க சார்ட்டை நம்பினா மாட்டிக்குவ. இன்ஃபோசிஸையே எடுத்துக்கோ. 2018 செப்டம்பர்ல போனஸ் வந்ததால, சார்ட் அந்த ஜனவரி விலையைப் பாதியாக்கிக் காட்டும். வருமான வரி அப்படிப் பார்க்காது: பழைய பங்குக்கு அன்னைக்கு நடந்த முழு விலை, ஜனவரிக்கு அப்புறம் வந்த போனஸ் பங்குக்கு அடக்க விலை பூஜ்யம். முகமதிப்பைப் பிரிச்சிருந்தா மட்டும் விலையையும் அதே விகிதத்துல பிரிச்சுக்கலாம். போனஸையும் பிரிப்பையும் சார்ட் ஒண்ணாத்தான் பார்க்கும். வரி தனித்தனியாப் பார்க்கும்.

அப்பாவோட பங்கு அம்மா பேருக்கு வந்திருக்குல்ல, அதுக்கு அப்பா கொடுத்த விலையைத்தான் வாங்கின விலையா எடுத்துக்கணும். அவர் வாங்கின தேதியில இருந்துதான் காலமும் எண்ணணும். அம்மா பீரோவுல, பட்டுப்புடவைக்குக் கீழே, ஒரு பச்சை ஃபைல் இருக்கு. அதுல காண்ட்ராக்ட் நோட்டு, போனஸ் ஒதுக்கீட்டுக் கடிதம் எல்லாம் அப்பா தேதி வாரியாக் கோத்து வச்சிருக்காரு. சிலதோட ஓரத்துல பென்சில்ல விலையும் எழுதியிருப்பாரு. ஞாயித்துக்கிழமை வரும்போது அதைக் கொண்டு வா, லேப்டாப்பையும் எடுத்துட்டு வா. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரி: தேதி, எத்தனை பங்கு, என்ன விலை, எதனால வந்துச்சு. பென்சில் எழுத்து மங்கிட்டு வருது, அதுக்குள்ள எழுதி முடிச்சிடலாம்.