கைபேசியில் காசு: மனம் மாறுவது எதனால்?



நமது அலுவலகத்தில் சந்தா வாங்கும் மேசையில் கியூ.ஆர். அட்டையை ஒட்டிய புதிதில், இளைஞர்கள் சிலரைத் தவிர யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று ஏரல் கடைத்தெருவில் கீரைக்கட்டு வாங்கினாலும் கைபேசியை நீட்டுகிறோம். இந்த மாற்றம் எப்படி வந்தது? இது விளங்கினால், இன்னும் பழகாத நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் வழியும் விளங்கும்.

முதற் காரணம் தேவை. யு.பி.ஐ. முறை 2016 ஏப்ரலில் அறிமுகமானபோது பெரும்பாலோர் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், வங்கி வாசலில் நின்று களைத்தவர்கள் வேறு வழி தேடினார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, நோட்டைத் தொடவே அஞ்சியவர்களும் இதற்கு மாறினார்கள்.

ஆனால், நெருக்கடி தீர்ந்த பின்னும் மக்கள் இதை விடவில்லை. 1989-ல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், புதிய கருவியை மனிதர் ஏற்பதற்கு இரண்டு எண்ணங்கள் அடிப்படை என்று எழுதினார். ஒன்று, 'இதனால் எனக்குப் பயன் உண்டு'. மற்றொன்று, 'இது எனக்குச் சுலபம்'. யு.பி.ஐ.யில் இரண்டும் உண்டு. சில்லறைத் தகராறு இல்லை. எந்தச் செயலி வைத்திருந்தாலும் ஒரே அட்டையில் செலுத்தலாம். சென்னையில் படிக்கும் பிள்ளைக்கு நள்ளிரவிலும் பணம் அனுப்பலாம். அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

மூன்றாவது காரணம் நம்பிக்கை. பணம் வந்ததும் கடையிலுள்ள பெட்டி தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. கொடுத்தவருக்கும் நிம்மதி, வாங்கியவருக்கும் நிம்மதி. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் நமக்குக் கற்பிக்கிறது. தேதியோடு பதிவாகும் கணக்கின் அருமை நமக்குப் புதிதல்ல.

அப்படியானால் சிலர் ஏன் தயங்குகிறார்கள்? நம்மிடம் மாத உதவி பெறும் ஒரு தாயிடம், "பணத்தைக் கணக்கில் போட்டுவிடலாமா, உம்மா?" என்று கேட்டோம். "வேண்டாம் தம்பி, கையிலேயே தாங்க. போன் பேரன்கிட்ட இருக்கு, நம்பரும் அவனுக்குத்தான் தெரியும்" என்றார். அவருடைய தயக்கத்தை அறியாமை என்று நாம் சொல்ல மாட்டோம். தன் பணம் தன் கைக்கு வருமா என்ற நியாயமான கவலை அது. அவருக்கு இன்றும் உறையிலேயே பணம் கொடுக்கிறோம். விரும்பாத யாரையும் வற்புறுத்துவதில்லை என்பது நமது முடிவு.

கற்க விரும்பும் பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகளே ஆசிரியர்கள். "இதுகூடத் தெரியாதா வாப்பா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் பத்து ரூபாயை அவர்களுக்கு அனுப்பிக் காட்டுங்கள். பிறகு அவர்கள் விரலாலேயே அதைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ரகசிய எண்ணை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அது அவர்களுடைய அமானிதம்.

எல்லோரும் மனதில் வைக்க வேண்டியவை மூன்று:

1. பணம் அனுப்பத்தான் ரகசிய எண் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. "பணம் வர எண்ணைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.

2. 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. அன்று கையிலிருந்த நோட்டுதான் உதவியது. சில நாள் செலவுக்கான ரொக்கம் வீட்டில் இருக்கட்டும்.

3. கைபேசியில் செலுத்தினால் பெயர் பதிவாகும். பெயர் தெரியாமல் ஸதகா கொடுக்க விரும்புவோருக்காக நமது உண்டியல் எப்போதும் போல் இருக்கும்.

காசு எந்த வழியில் வந்தாலும் அது ஹலாலாக வர வேண்டும், உரியவர் கையில் சேர வேண்டும். அல்லாஹ் நம் அனைவரின் பொருளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.