வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் உணரியும்

ஐதராபாத் நகரின் கிழக்கேயுள்ள உப்பல், தொழிற்பேட்டைக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் பெயர் பெற்ற பகுதியாகும். 1961-இல் தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும், 1977-இல் தொடங்கப் பெற்ற உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் உப்பல் சாலையில் அமைந்துள்ளன. பாலூட்டிகளின் உயிரணுக்களை வளர்க்கும் பெட்டிக்கு 37 டிகிரி செல்சியஸ் தேவை. எஃகைப் பதப்படுத்தும் உலைக்குப் பல நூறு டிகிரி தேவை. அளவு வேறாயினும், இவ்விரண்டையும் ஆள்வது வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியே. எனினும் அக்கருவி வெப்பத்தை நேரே அறிவதில்லை. உணரி அனுப்பும் மின்குறிப்பையே வெப்பநிலையாக மாற்றிக் காட்டுகிறது.

உணரியின் வகைகள்

இரு வேறு உலோகங்களின் இணைப்பு சூடேறும்போது மின்னழுத்தம் தோன்றும் என்னும் விளைவு, 1821-இல் சீபெக் கண்டறிந்ததாகும். தெர்மோகப்பிள் இதன் அடிப்படையில் இயங்குகிறது. குரோமெலும் அலுமெலும் சேர்ந்தது ‘கே’ வகை. இரும்பும் கான்ஸ்டன்டனும் சேர்ந்தது ‘ஜே’ வகை. பிளாட்டினத் தடை வெப்பமானியோ, 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் எனத் தன் மின்தடையை மாற்றிக் கொள்கிறது.

தவறான அமைப்பின் விளைவு

400 டிகிரியில் ‘கே’ வகை 16.4 மில்லிவோல்ட் தருகிறது. ‘ஜே’ வகை 21.8 மில்லிவோல்ட் தருகிறது. உலையில் ‘கே’ உணரியைப் பொருத்திவிட்டுக் கருவியில் ‘ஜே’ என அமைத்தால் என்ன நேரும்? இணைப்பு முனை 30 டிகிரியில் இருப்பின், உலை 400 டிகிரியை அடையும்போது கருவி ஏறத்தாழ 307 என்றே காட்டும். சூடேற்றி நிற்காது. கருவி 400 எனக் காட்டும் வேளையில் உலை சுமார் 520 டிகிரியில் இருக்கும். டெம்பரிங் செய்யப்படும் எஃகு, வேண்டிய கடினத்தை இழந்துவிடும். காட்சிப் பலகையோ பிழை எதையும் சொல்லாது.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, உணரியின் வகையைச் சரிபார்த்து, அதே வகையைக் கருவியில் அமைத்தல் வேண்டும். இரண்டாவதாக, நேர், எதிர் முனைகளை அறிதல் வேண்டும். அமெரிக்க நிற முறையில் சிவப்பு எதிர்முனையைக் குறிக்கும். முனைகள் மாறினால், உலை சூடேறச் சூடேறக் காட்டும் அளவு குறையும். மூன்றாவதாக, தெர்மோகப்பிளை நீட்டுவதற்குச் சாதாரணச் செப்புக் கம்பி ஏற்றதன்று. அதற்குரிய கம்பியையே பயன்படுத்துதல் வேண்டும். நான்காவதாக, உணரி அறுபட்டால் சூடேற்றி தானே நிற்குமாறு அமைத்தல் இன்றியமையாதது.

சிறு வேறுபாடுகளைச் சரிசெய்யத் திருத்த எண் உண்டு. ஆயின் வகை மாறிய பிழையை அவ்வெண்ணால் மறைத்தல் தகாது. ஒரு வெப்பநிலையில் பொருந்தும் திருத்தம் மற்றொன்றில் பொருந்தாது. தரம் சான்றளிக்கப்பட்ட வெப்பமானியுடன் குறைந்தது இரண்டு வெப்பநிலைகளில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே உலையை உற்பத்திக்கு விடுதல் முறையாகும்.