வெள்ளம் வந்தால் வீடு மலிவாகுமா?

நம்பிக்கை: வெள்ளம் புகுந்த ஏரியாவில் ஜனம் காலி செய்துவிடும், விலையும் படுத்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வேளச்சேரியில் படகு ஓடியபோது என் மாமா சொன்னது: "ரெண்டு வருஷம் பொறு, சல்லிசாக் கிடைக்கும்." இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றனவே, கவனித்தீர்களா? காரை மேலே ஏற்றினார்கள், வீட்டை விற்கவில்லை. பக்கத்திலேயே பறக்கும் ரயில், ஓ.எம்.ஆர் சாலை அலுவலகங்களில் வேலை, பிள்ளைகளின் பள்ளி. போதாக்குறைக்கு இருபது வருஷ வங்கித் தவணை.

அடிபடுவது ஏரியா அல்ல, தரைத்தளம். கீழ்வீட்டை விற்கத் திணறுகிறவருக்குத் தலைக்கு மேலே இருக்கும் அதே அளவு வீடு கைமாறுவது தெரியும். புது அடுக்ககங்களில் தரைத்தளத்தையே வண்டி நிறுத்த விட்டுவிடுகிறார்கள். முதலில் கிளம்புவது வாடகைக்காரர். அவரும் பெரும்பாலும் நாலு தெரு தள்ளி ஒரு மாடிக்குத்தான் போகிறார். நிஜமாகவே ஊர் மாற்றப்பட்டவர்கள் அடையாற்றங்கரைக் குடிசைக்காரர்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த பெரும்பாக்கத்திலும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது.

நம்பிக்கை: ஆள் குறைந்தால் வாடகை குறையும்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைப் பாருங்கள். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து நகரத்தின் எண்பது சதவீதம் மூழ்கியது. 2000 கணக்கெடுப்பில் 4,84,674 பேர், 2010இல் 3,43,829. வாடகையோ ஏறியது! ஆட்களோடு வீடுகளும் போய்விட்டன. நின்ற வீடுகளுக்குப் போட்டி. ஏழைகள் குடியிருந்த பெரிய அரசுக் குடியிருப்புகள் சிலவற்றை இடித்தும் விட்டார்கள். ஆற்றையொட்டிய மேட்டுப் பகுதிகள் மூழ்கவில்லை. அங்கே இடம் பிடிக்கக் காசு வேண்டியிருந்தது. திரும்ப முடியாமல் போனவர்களில் ஏழைக் கறுப்பின மக்கள் ஏராளம்.

நம்பிக்கை: கட்டட அப்ரூவல் இருக்கிறது, பயமில்லை.

அப்ரூவல் தாளைத் தண்ணீர் படிக்காது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். மீதியில் எழுந்த கட்டடங்கள் பலவற்றுக்கும் தாள் உண்டு. ஊர்ப் பெயரில் 'ஏரி', 'தாங்கல்' என்று வந்தால் பழைய கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அங்கே நீர்நிலை இருந்ததா என்று பாருங்கள்.

புரோக்கர் உங்களைச் சித்திரை வெயிலில்தான் வீடு பார்க்கக் கூப்பிடுவார், புது வெள்ளையடித்த சுவரைக் காட்டுவார். நீங்கள் ஐப்பசியில் ஒருமுறை தனியாகப் போய், தெருமுனை இஸ்திரிக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவர் வண்டியிலேயே கைவைத்துக் காட்டுவார்.